அம்மாவோடு டிஸ்னி வேர்ல்டு: முழங்கால் வலியும் இன்சுலினும் இருக்கும்போது எப்படித் திட்டமிடுவது

வீல்சேரில் உட்கார்ந்தால் டிஸ்னியில் வரிசையே கிடையாது, நேராக முன்னால் விட்டுவிடுவார்கள் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் பெரும்பாலான வரிசைகள் வீல்சேர் போகிற அகலத்தில்தான் கட்டப்பட்டிருக்கின்றன, அதனால் வீல்சேரில் வருகிறவரும் மற்றவர்களோடு அதே வரிசையில், அதே நேரம் காத்திருந்துதான் போக வேண்டும். வீல்சேர் உங்கள் காலுக்குப் பதில், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், இந்தத் தப்பான நம்பிக்கையோடு போகிறவர்கள்தான் முதல் நாள் மதியமே மனசு உடைந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நாங்கள் வட கரோலினாவில் இருக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அம்மாவையும், எட்டு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு எழுபத்தொன்று, இரண்டு முழங்காலும் தேய்மானம், பல வருஷமாகத் தினமும் இரண்டு வேளை இன்சுலின், கூடவே பிரஷர் மாத்திரை. இப்படிப்பட்ட ஒருவரோடு போகும்போது நடப்பது, காத்திருப்பது, மருந்தும் சாப்பாடும் நேரத்துக்கு நடப்பது என்று மூன்று பிரச்சினை வருகிறது. மூன்றுக்கும் அங்கே தனித்தனி ஏற்பாடு இருக்கிறது, ஒன்றுக்கான வழியை இன்னொன்றுக்குக் கேட்டால் கிடைக்காது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது பெரிய தொல்லை என்று டிக்கெட் வாங்கும் முன்பே உட்கார்ந்து யோசித்துவிடுங்கள்.

எந்த மாதம்

ஊரிலிருந்து வரும் பெற்றோர் பெரும்பாலும் ஏப்ரலில் வந்து அக்டோபரில் திரும்புகிறார்கள், அந்தக் கணக்கில் டிஸ்னி பயணம் தானாக ஜூன், ஜூலையில் போய் விழுகிறது. ஆனால் ஆர்லாண்டோவில் ஜூலை மதியம் சாதாரணமாக 33 டிகிரி, அதோடு சென்னை மாதிரி பிசுபிசுப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் இடி மின்னலோடு மழை அடிக்கடி வரும், மின்னல் பக்கத்தில் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலமும்கூட. உங்கள் கையில் இருந்தால் ஜனவரிக் கடைசி, பிப்ரவரி முதல் வாரம் என்று போடுங்கள். காலையில் குளிரும், ஒரு சால்வை போதும். கோடையில்தான் முடியும் என்றால் காலையில் திறந்தவுடன் மூன்று மணி நேரம், மாலை ஐந்துக்கு மேல் மூன்று மணி நேரம், நடுவில் அறைக்குத் திரும்பித் தூக்கம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இவ்வளவு காசு கொடுத்துட்டு மத்தியானம் போய்த் தூங்குறதா" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆமாம், தூங்கத்தான் வேண்டும்.

அங்கே இருப்பது நான்கு பூங்காக்கள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம். நான்கு நாளில் நான்கையும் பார்க்கிற திட்டம் இளவட்டங்களுக்கானது. நாங்கள் ஐந்து நாள் தங்கி மூன்று நாள் மட்டும் பூங்காவுக்குப் போனோம், இடையில் ஒவ்வொரு நாள் ஓய்வு. பார்க்காமல் விட்ட ஹாலிவுட் ஸ்டூடியோஸை நினைத்து யாரும் வருத்தப்படவில்லை.

நடக்கிற தூரமும் வீல்சேரும்

எப்காட்டில் ஏரியைச் சுற்றி பதினொரு நாடுகளின் மண்டபங்கள் இருக்கின்றன. அந்த ஒரு சுற்று மட்டும் 1.2 மைல், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அதற்கு முன்னும் பின்னும் நடப்பது தனி. வீட்டில் கோவிலுக்கும் காய்கறிக் கடைக்கும் நன்றாக நடக்கிறவர்கள்கூட இங்கே இரண்டாம் நாள் காலையில் காலைத் தரையில் வைக்க முடியாமல் எழுவார்கள். அதனால் "நடக்க முடிகிறதா" என்று கேட்காமல், "மூன்று நாள் தொடர்ந்து இவ்வளவு நடந்துவிட்டு நான்காம் நாள் எழ முடியுமா" என்று கேளுங்கள்.

வீல்சேரைப் பூங்காவுக்குள்ளேயே வாடகைக்குத் தருகிறார்கள், பேட்டரி ஸ்கூட்டரும் உண்டு. முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்கு முதலில். ஸ்கூட்டர்கள் கூட்ட நாளில் காலையிலேயே தீர்ந்துவிடும், அதை ஓட்ட பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறு: அந்த வண்டிகள் பூங்காவுக்குள் மட்டும்தான். மேஜிக் கிங்டத்தில் காரை வாசலில் நிறுத்த முடியாது, ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மையத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து மோனோரெயிலோ படகோ பிடித்துத்தான் வாசலுக்கே வர வேண்டும். அதாவது வாடகை வீல்சேர் கைக்கு வருவதற்குள் ஒரு நடை முடிந்துவிடுகிறது, இரவில் உடம்பு தளர்ந்து கிடக்கும்போது வண்டியை ஒப்படைத்துவிட்டு மறுபடி அதே நடை.

இதனால் சொந்தமாக ஒன்று கொண்டுபோவதுதான் நல்லது என்பது என் முடிவு. மடக்குகிற வீல்சேர் மருந்துக்கடைகளிலேயே கிடைக்கிறது, நண்பர்கள் வீட்டு நிலவறையில் ஒன்று கட்டாயம் சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். விமானத்தில் வீல்சேருக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. மருந்தும் மருத்துவச் சாமானும் மட்டும் வைத்த பையை உங்கள் கைப்பைக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது. வாங்கும்போது பின்சக்கரம் பெரிதாக இருப்பதாகப் பாருங்கள். நான்கும் குட்டிச் சக்கரமாக இருக்கிற வகை எடை குறைவு, காரில் ஏற்ற வசதி, ஆனால் மேஜிக் கிங்டத்தில் மெயின் ஸ்ட்ரீட்டில் டிராம் தண்டவாளம் ஓடுகிறது, அந்த இடுக்கில் சின்னச் சக்கரம் போய் மாட்டிக்கொண்டால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழ வேண்டியதுதான். எந்த வண்டியாக இருந்தாலும் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள், நேர் குறுக்காகக் கடங்கள். அனிமல் கிங்டத்தில் தரையைக் காட்டுப் பாதை மாதிரி வேண்டுமென்றே மேடு பள்ளமாகப் போட்டிருக்கிறார்கள், இடுப்பு வலிக்காரர்களுக்கு ஒரு தடிமனான மெத்தை இல்லாமல் ஆகாது. எப்காட்டில் பாலத்துச் சரிவில் இறங்கும்போது வண்டியைத் திருப்பி, நீங்கள் கீழே நின்றுகொண்டு பின்பக்கமாக இறக்குங்கள்.

ஸ்கூட்டரா வீல்சேரா என்று கேட்டால், ஸ்கூட்டர் சுதந்திரம்தான், தள்ள ஆளும் வேண்டாம். ஆனால் வாழ்க்கையில் சைக்கிள்கூட ஓட்டாத ஒருவரை, குறுக்கே குறுக்கே குழந்தைகள் ஓடுகிற கூட்டத்தில் முதல் முறையாக ஸ்கூட்டர் ஓட்டச் சொல்வது இரண்டு பக்கமும் ஆபத்து. அம்மாவுக்கு வீல்சேர்தான் சரிப்பட்டது. தள்ளுவதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். மாற்றி மாற்றித் தள்ளினால்தான் சாயங்காலம் வரை உங்கள் கை தாங்கும். வெளிக் கடைகளில் ஸ்கூட்டர் எடுப்பவர்கள், நீங்கள் அறையில் இல்லாவிட்டாலும் ஓட்டலில் வைத்துவிட்டுப் போவார்களா, நேரில் நின்று வாங்க வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு பேட்டரியை சார்ஜ் போடுவது யார் வேலை என்றும் வீட்டில் ஒருவர் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

சரி, அம்மாவை உட்கார வைப்பது எப்படி? எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். "எனக்கு என்ன கால் இல்லையா, தள்ளுவண்டியில உக்கார வைக்கப் பாக்குறே?" என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்புறம், "சென்னை ஏர்போர்ட்ல வீல்சேர்ல உக்காந்துதானம்மா வந்தீங்க, அது மாதிரிதான் இதுவும், ஏர்போர்ட்டை விட இது பெருசு" என்று சொன்னதும் யோசித்தார்கள். கடைசியில், காலையில் நடக்கட்டும், வண்டியில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போவோம், வலித்தால் உட்காரலாம் என்று ஒத்துக்கொண்டோம். பதினொரு மணிக்கு அவர்களே உட்கார்ந்தார்கள். பெற்றவர்களின் மானத்தை விட்டுக்கொடுக்காமல் பேசினால் வேலை நடக்கும், கூட்டத்தின் நடுவில் நின்று அதட்டினால் நடக்காது.

எந்த ரைடில் ஏற முடியும்

ஒவ்வொரு ரைடுக்கும் டிஸ்னி ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறது: வீல்சேரிலேயே இருக்கலாம், ஸ்கூட்டரிலிருந்து வீல்சேருக்கு மாற வேண்டும், வண்டியை விட்டு ரைடின் இருக்கைக்கு மாற வேண்டும், தானாக நடந்து ஏற வேண்டும் என்று நான்கு வகை. செயலியிலும் இணையப் பக்கத்திலும் ரைடின் பெயருக்குக் கீழே இருக்கும். வீட்டிலேயே உட்கார்ந்து இதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள், அங்கே போய் வாசலில் தெரிந்துகொண்டால் ஏமாற்றம். அங்கிருக்கும் ஊழியர்கள் யாரையும் தூக்கி உட்கார வைக்க மாட்டார்கள், மாற உதவுவது வீட்டார் வேலை. அதனால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே வீல்சேரிலிருந்து சோபாவுக்கும், சோபாவிலிருந்து வீல்சேருக்கும் நான்கு முறை மாறிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டுவிட்டுத்தான் எழ வேண்டும் என்பது அம்மாவுக்குப் பழக ஒரு வாரம் ஆனது.

எங்கள் அனுபவத்தில் அம்மாவுக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். எப்காட்டில் லிவிங் வித் தி லேண்ட் என்ற படகு, பசுமைக்குடில்களுக்குள் மெதுவாகப் போகும், காயும் கனியும் மண்ணில்லாமல் தொங்கித் தொங்கிக் காய்த்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் அவரையும் போட்டு வளர்த்தவர்கள் என்பதால் அம்மா இரண்டு முறை போனார்கள், எது என்ன செடி என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டே. வீல்சேரோடு ஏறுகிற படகு அதில் உண்டு. மேஜிக் கிங்டத்தில் இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு, ஜங்கிள் குரூஸ் இரண்டிலும் வீல்சேர் ஏறும். அனிமல் கிங்டத்து கிளிமஞ்சாரோ சஃபாரியிலும் ஏறும், நிஜமான யானையும் ஒட்டகச்சிவிங்கியும் பார்க்கலாம், ஆனால் வண்டி குலுங்கும், முதுகுத்தண்டுக் கோளாறு இருந்தால் யோசிக்க வேண்டும். கரோசல் ஆஃப் புரோகிரஸ் 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்யப்பட்ட பழைய நாடக அரங்கு, ஏசியில் இருபது நிமிஷம் உட்காரலாம் என்பதே பாதி சுகம். ஃபெஸ்டிவல் ஆஃப் தி லயன் கிங் நிகழ்ச்சியும் அப்படித்தான்.

தவிர்த்தவை: பீட்டர் பான், பீப்பிள் மூவர் இரண்டும். உட்கார்ந்து போகிற சாதுவான ரைடுகள்தான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நகரும் பட்டையில் நடந்து ஏற வேண்டும். முழங்கால் மடங்காதவர்களுக்கு அந்த மூன்று விநாடிதான் ஆபத்து. காளி ரிவர் ரேப்பிட்ஸ் உடம்பெல்லாம் நனைக்கும், சர்க்கரைக்காரர்கள் நனைந்த செருப்போடு நாள் முழுக்க இருக்கக் கூடாது, ஆசைப்பட்டால் மாற்றுக் காலுறையும் மாற்றுச் செருப்பும் எடுத்துப் போங்கள். இதயநோய், உயர் இரத்த அழுத்தம், கழுத்து முதுகு வலி, சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் ரைடுகளில் "ஒரு தடவைதானே" என்று ஏறவே வேண்டாம். இன்சுலின் பம்ப் மாட்டியிருப்பவர்கள் வேகமாகச் சுழல்கிற, செங்குத்தாக விழுகிற ரைடுக்கு முன்னால் பம்பைக் கழற்ற வேண்டுமா என்று அந்தக் கருவியின் கையேட்டில் பாருங்கள்.

காத்திருக்க முடியாதவர்கள்

மாற்றுத் திறனாளிகளுக்கான அணுகல் சேவை என்று ஒன்று இருக்கிறது, ஆங்கிலச் சுருக்கத்தில் டிஏஎஸ் என்பார்கள். 2013-இல் ஆரம்பித்தது. வரிசையில் நிற்காமல், திரும்பி வரும் நேரம் ஒன்றைக் குறித்துக்கொடுப்பார்கள், அதுவரை வேறெங்காவது இருக்கலாம். 2024 மே 20 முதல் இதைச் சுருக்கிவிட்டார்கள். இப்போது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் சாதாரண வரிசையில் நெடுநேரம் நிற்க முடியாதவர்களுக்குத்தான் இது முக்கியமாக. பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் பேசிப் பதிய வேண்டும், அந்தக் குழந்தையோ பெரியவரோ அழைப்பில் இருக்க வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் நிரந்தரமாகத் தடை போடுவோம், டிக்கெட் பணமும் திரும்பாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நம்மவர்கள் சிலர் இதைக் குறுக்கு வழி மாதிரிப் பேசுவது எனக்கு மிகவும் வருத்தம். யாராவது ஏமாற்றுவதன் விலையைக் கடைசியில் கொடுப்பது வரிசைச் சத்தத்தில் துடித்துப்போகிற குழந்தைதான்.

மூட்டு வலிக்கோ சர்க்கரைக்கோ இது கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். குடல் நோய், சிறுநீர்க் கோளாறு உள்ளவர்கள் இந்த மாற்றத்தில் தவித்துப்போயிருக்கிறார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அவர்களுக்கு இப்போது உள்ள வழி, வரிசையில் இருந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வீட்டாரோடு மறுபடி சேர்ந்துகொள்வது. ரைடு வாசலில் நிற்கும் ஊழியரிடம் உள்ளே போகும் முன்பே சொல்லிவிட்டால் எப்படிச் செய்வது என்று அவரே சொல்வார். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு டிஸ்னியின் சொந்தப் பக்கத்தைப் பார்ப்பது அவசியம்.

இன்னொரு வழி காசு. லைட்னிங் லேன் என்ற குறுக்கு வரிசையை வாங்கலாம், டிஸ்னி ஓட்டலில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் பதியலாம். மகளுக்கு வேண்டிய பெரிய ரைடுகளுக்கு மட்டும் வாங்கினோம். அம்மாவும் நானும் நிழலில் உட்கார்ந்திருப்போம், என் கணவரும் மகளும் போய்விட்டு வருவார்கள்.

இன்சுலின், சாப்பாடு, வெயில்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

இந்தியாவில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. அமெரிக்காவில் மருந்துக்கடைக் குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட், ஆரஞ்சு மூடி ஊசி. ஊரிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் தீர்ந்தோ கெட்டோ போய், இங்கே குப்பி வாங்கி, பழைய ஊசியிலேயே "இருபது கோடு" வரை இழுத்தால் உடம்பில் போவது இருபது அல்ல, ஐம்பது யூனிட். உயிருக்கே ஆபத்து. அம்மாவின் டாக்டர் பயணத்துக்கு முன்பே, மருந்தும் ஊசியும் ஒன்றாகவே இருக்கும் இன்சுலின் பேனாவுக்கு மாற்றிவிட்டார், பேனா இங்கேயும் அங்கேயும் 100 யூனிட்தான் என்பதால் அந்தக் கவலை போனது. பெயரிலும் குழப்பம் உண்டு, அங்கே 30/70 என்று எழுதியிருக்கும் கலவை இன்சுலின் இங்கே 70/30 என்று இருக்கும். மாத்திரைகளையும் கடைப் பெயரில் எழுதாமல் மருந்தின் பெயரில் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பாராசிட்டமாலை இங்கே அசெட்டமினோஃபென் என்பார்கள், பாராசிட்டமால் என்று கேட்டால் கடையில் விழிப்பார்கள்.

விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் உருகினாலும் வீண். அறைக் குளிர்பெட்டியிலும் பின்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பூங்காவில் எதிர்ப் பிரச்சினை, 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, நிறுத்திய காரில் ஐந்து நிமிஷம்கூட விடாதீர்கள். தண்ணீரில் நனைத்தால் குளிர்கிற பைகள் விற்கிறார்கள், மண்பானை குளிர்கிற அதே தத்துவம். ஈரக்காற்றில் பானை அவ்வளவாகக் குளிராது இல்லையா, ஃபுளோரிடாக் கோடையில் அந்தப் பையும் அப்படித்தான். நாங்கள் சின்ன வெப்பக்காப்புப் பையில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, பேனா நேராக அதைத் தொடாதபடி வைத்தோம். உதிரி ஐஸும் உலர் ஐஸும் வாசலில் விட மாட்டார்கள், ஐஸ் பேக் விடுவார்கள்.

நான்கு பூங்காவிலும் முதலுதவி நிலையம் இருக்கிறது, நர்ஸ் இருப்பார். மேஜிக் கிங்டத்தில் மெயின் ஸ்ட்ரீட் முடிகிற இடத்தில் கிறிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில், ஹாலிவுட் ஸ்டூடியோஸில் வாசலை ஒட்டி. காலையில் நுழைந்ததும் முதலில் அங்கே போய் அறிமுகப்படுத்திக்கொண்டோம். மருந்தைக் குளிரில் வைத்துத் தருவார்கள், படுத்து ஓய்வெடுக்கக் கட்டில் உண்டு, தலைவலி மாத்திரையும் பிளாஸ்டரும் சும்மாவே தருவார்கள், பயன்படுத்திய ஊசியைப் போடவும் பெட்டி உண்டு. ஊசியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், அதைக் கையால் அள்ளுகிறவரும் ஒரு வீட்டின் பிள்ளைதான்.

பூங்காவுக்குப் போன இரண்டாம் நாள் மாலை நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன். வாணவேடிக்கைக்கு நல்ல இடம் கிடைத்துவிட்டது. அம்மா வழக்கம்போல ஏழரைக்கு ஊசி போட்டுக்கொண்டார்கள், அரை மணி கழித்துச் சாப்பிட வேண்டும். இடத்தை விட மனசில்லாமல், இது முடிந்ததும் சாப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு நடையும் அதிகம். எட்டேகாலுக்கு மகள், "ஆச்சி பேசவே மாட்டேங்குறாங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் அம்மா வியர்த்து நனைந்து, கண் எங்கோ நிலைத்திருந்தது. கையிலிருந்த பழச்சாற்றைக் குடிக்க வைத்து, குளுகோஸ் மாத்திரை கொடுத்து, பக்கத்தில் நின்ற ஊழியரிடம் சொல்லி நர்ஸ் வந்து பார்த்து, தெளிய அரை மணி ஆனது. அதிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம்: சாப்பாடு வாங்கிக் கையில் வந்த பிறகுதான் ஊசி. காலையில் போடும் கலவை இன்சுலின் மதியமும் வேலை செய்யும் என்பதால் மதியச் சாப்பாட்டையும் தள்ளக் கூடாது.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, அதாவது அரை டம்ளர் பழச்சாறு அல்லது நான்கு கிராம் குளுகோஸ் மாத்திரை நான்கு, 15 நிமிஷம் கழித்து மறுபடி சோதனை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆள் கூப்பிடுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் படபடப்பை மறைத்துவிடும், வியர்வை ஒன்றுதான் அடையாளமாக மிஞ்சும், ஃபுளோரிடா வெயிலில் வியர்வையை யார் கவனிப்பார்கள்? அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பார்த்துவிடுவது நல்லது. நடை கூடும் நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா, நீர் பிரிய வைக்கும் மாத்திரையை வெயிலில் எப்படி எடுப்பது என்பதை இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. இது நமக்குப் பெரிய வரம். பொடி தடவிய இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம் எடுத்துப் போனோம், தயிர்ச் சாதம் ஐஸ் பேக்கோடு மதியம் வரை தாங்கியது. அம்மாவுக்குப் பழகிய சாப்பாடு, பழகிய அளவு, இன்சுலின் கணக்கும் தப்பவில்லை. குளிர்பானம் ஊற்றிக் கொடுக்கும் விரைவு உணவுக் கடைகளில் கப்பில் ஐஸ் தண்ணீர் கேட்டால் காசில்லாமல் தருவார்கள்.

பாதத்தை மறக்காதீர்கள். பயணத்துக்கென்று புதுச் செருப்பு வாங்கிப் போடுவது கூடவே கூடாது. வீல்சேரில் காலைத் தொங்கவிட்டே இருந்தால் வீங்கும், ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள். ஓட்டல் நீச்சல் குளத்தைச் சுற்றி வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள், உணர்ச்சி குறைந்த பாதத்துக்குத் தரை சுடுவதே தெரியாது.

அறை, காப்பீடு

பணத்தைச் சேமிக்கத் தூரத்து ஓட்டல் எடுப்பதைவிட, இரண்டு இரவு குறைத்துப் பக்கத்து ஓட்டல் எடுப்பது மேல், மதியத் தூக்கம் என்ற திட்டமே அதை நம்பித்தான் இருக்கிறது. படியில்லாத குளியலறை, உட்கார்ந்து குளிக்கப் பலகை, பிடித்துக்கொள்ளக் கம்பி என்று எது வேண்டுமோ அதை வாய்விட்டுச் சொல்லிப் பதியுங்கள். "வீல்சேர் அறை" என்று மட்டும் சொன்னால் குளியல் தொட்டி உள்ள அறையும் கிடைக்கலாம், தொட்டியின் விளிம்பைத் தாண்டுவது நம் பெரியவர்களால் ஆகிற காரியம் இல்லை. பயன்படுத்திய ஊசியைப் போடுகிற பெட்டியும் ஓட்டலில் கேட்டால் தருவார்கள். டிஸ்னி பேருந்துகளில் சாய்தளம் உண்டு. வெளிமாநிலத்து மாற்றுத் திறனாளி பார்க்கிங் அட்டையும் ஃபுளோரிடாவில் செல்லும்.

பெற்றோருக்கு எடுக்கும் பயணக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று முற்றினால் எவ்வளவு தருவார்கள், எந்த வயது வரை என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பல திட்டங்களில் எழுபதுக்கு மேல் அந்தத் தொகை சுருங்கிவிடுகிறது. அந்த அட்டை, மருந்துப் பட்டியல், உங்கள் தொலைபேசி எண் மூன்றையும் ஒரு சின்ன உறையில் போட்டு அம்மாவின் கழுத்திலேயே மாட்டிவிடுங்கள், உங்கள் பையில் வைத்துப் பயனில்லை. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் ஆங்கிலம் தெரியாதவருக்கு அந்த உறைதான் பேசும்.

இரவு வெளியேறும்போது

வாணவேடிக்கை முடிந்த நொடியில் மொத்தக் கூட்டமும் வாசலைப் பார்த்துத் திரும்பும், வீல்சேரில் இருப்பவரின் முகத்துக்கு நேராக எல்லோருடைய பையும் முழங்கையும் வரும். அந்த நேரத்தில் நகரவே நகராதீர்கள். ஓர் ஓரமாக, சுவரை ஒட்டி, பிரேக் போட்டு அரை மணி உட்காருங்கள், அப்போதே சர்க்கரையைப் பார்த்துவிடலாம், அம்மாவைக் கழிப்பறைக்கும் அழைத்துப் போகலாம். துணையாளும் கூடவே போகிற மாதிரி தனிக் கழிப்பறைகள் எல்லாப் பூங்காவிலும் இருக்கின்றன, மகன் அம்மாவை அழைத்துப் போவதற்கும் சங்கடமில்லை, வரைபடத்தில் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் மோனோரெயிலை விட்டுவிட்டுப் படகில் ஏறினோம். கீழ்த்தளத்தில் வீல்சேர் அப்படியே உருண்டு ஏறியது, அம்மா ஏரிக்காற்றில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மடியில் தூங்கிப்போன பேத்தியோடு அக்கரை வரை வந்தார்கள்.